எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

கடைக்கு வருகிறவர்களிடம் "புத்தகம் எப்படி?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள். பேச்சு அங்கேயே படுத்துவிடும். "எந்தப் பக்கத்துல இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உட்கார ஸ்டூல் தேடுவார்கள். இந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அதுவும் ஒரு வாடிக்கையாளரிடம் வயிறு நிறையத் திட்டு வாங்கிய பிறகு.

நான் புத்தகம் பைண்ட் செய்கிறவன். பினாங்கு ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அஞ்சடி நடைபாதையை ஒட்டிப் பாதிக் கடை. மரத்தில் ஒரு தையல் சட்டம், கைச்சக்கரம் சுற்றி இறுக்கும் இரும்பு பிரஸ், ஒரு கட்டிங் மிஷின், பசை காய்ச்சும் சட்டி. சொத்து இவ்வளவுதான். 1979-ல் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்த்துக்கொண்டவர் கடையநல்லூர்க்காரர். தெருவுக்கே அவர் நானா, எனக்கும் நானா. படிப்பு நான்காம் வகுப்போடு சரி. ஆனால் ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துவிட்டு, "இது பத்து வருசம் தாங்கும், இது தாங்காது" என்று சொல்லிவிடுவார். சொன்னது பிசகியதில்லை.

அப்போது எங்களுக்குச் சோறு போட்டது கதைப் புத்தகம் அல்ல; பேரேடு. வட்டிக்கடை, அரிசிக் கடை, கப்பல் ஏஜெண்டு என்று எல்லாருக்கும் தோல் முதுகு வைத்த கணக்குப் புத்தகம் வேண்டும். கதைப் புத்தகம் யாராவது கொண்டுவந்தால் மேலே பரணில் போட்டு வைப்பார் நானா. பேரேட்டு வேலை ஓய்ந்த நாளில்தான் அது கீழே இறங்கும்.

முதல் ஆறு மாதம் எனக்குப் பசை மட்டும்தான். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, இளந்தீயில் வைத்து, கை ஓயாமல் கிண்ட வேண்டும். மாவின் வெள்ளை போய்க் கண்ணாடி போல் ஆகிற நேரத்தில் இறக்க வேண்டும். முந்தினால் பிடிக்காது, பிந்தினால் காய்ந்த பிறகு உதிரும். இறக்கும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை. அது விஷம். பூச்சிக்காகப் போடுவது, கையைக் கழுவாமல் பசியாறக் கூடாது. ஒருநாள் அந்தச் சிட்டிகையை மறந்தேன். இரண்டு வாரம் கழித்து அடுக்கைப் பிரித்தால் பதினைந்து பேரேடுகளின் முதுகையும் கரப்பான் மேய்ந்திருந்தது. நானா கத்தவில்லை. "கரப்பானுக்கு நல்லா சமைச்சிருக்க தம்பி" என்றார். பதினைந்தையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். அந்த மாதச் சம்பளத்தில் கை வைக்காதது அவர் பெருந்தன்மை.

தாளுக்கு வாட்டம் உண்டு. துணிக்குப் பாவும் ஊடும் மாதிரி, தாளிலும் நார் ஒரு பக்கமாக ஓடும். அந்தப் பக்கமாகக் கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணும். சந்தேகம் இருந்தால் ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்தால் போதும், வாட்டத்தோடு சுருண்டு காட்டிக்கொடுத்துவிடும். அட்டையின் வாட்டம் புத்தகத்தின் முதுகோடு இணையாக ஓட வேண்டும். இது தெரியாமல், மிச்சமாகுமே என்று அட்டையைத் திருப்பி வெட்டினேன் ஒரு தடவை. பினாங்கில் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம். செப்டம்பர் பிறந்தால் மழை வேறு. ஒரே வாரத்தில் அந்த அட்டைகள் வறுத்த அப்பளம் போல் வளைந்து நின்றன. மழைக்காலத்தில் பைண்டிங் வேலைக்கு அவசரப்படுகிறவனுக்கு இந்த ஊர் சரிப்படாது. பசை காய மற்ற நாளில் ஒரு இரவு போதும்; அக்டோபரில் மூன்று இரவு பிரஸ்ஸில் கிடக்க வேண்டும். "நாளைக்கு வேணும்" என்பவரிடம் "முடியாது" என்று சொல்லப் பழகுவதும் தொழில்தான்.

இனி அந்தத் திட்டு.

துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா. வீடு பட்டர்வொர்த்தில். தினமும் ஃபெர்ரியில் வந்து போவார். கடலைக் கடக்கிற இருபது நிமிடமும் அவருக்கு வாசிப்பு நேரம். 1989-ல் ஒருநாள் 'சிவகாமியின் சபதம்' கொண்டுவந்து கொடுத்தார். நாலு பாகமும் ஒரே கட்டு. உப்புக்காற்றில் முதுகு உடைந்து, ஃபாரம் ஃபாரமாகத் தொங்கியது. நான் அப்போது தேர்ந்த வேலைக்காரன் என்ற நினைப்பில் இருந்தேன். பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, பதினாறு பக்க ஃபாரங்களை ஒவ்வொன்றாகத் தைத்து, நூலுக்கு மெழுகு தேய்த்து, முதுகுக்கு மல் துணி ஒட்டி, காலிகோ போட்டு முடித்தேன். ஓரம் அழுக்காக இருந்ததே என்று மூன்று பக்கமும் மிஷினில் வைத்து அரை விரற்கடை சீவினேன். புத்தகம் புதுசு போல மின்னியது.

வந்தார். கையில் வாங்கினார். காலிகோவைப் பார்க்கவில்லை, தையலைப் பார்க்கவில்லை. நடுவில் பிரித்து, பக்கத்தின் வெளி ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். இன்னொரு பக்கம். இன்னொரு பக்கம். பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஓரங்களில் பென்சிலால் என்னவோ எழுதியிருந்தது. ஒவ்வொரு நாளும் கரை வந்ததும் எந்த வரியில் நிறுத்தினாரோ, அதற்கு நேராகத் தேதி போட்டு ஒரு சொல் எழுதியிருக்கிறார். மழை. சம்பளம். மகனுக்குக் காய்ச்சல். என் மிஷின் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது. "என் ஒன்றரை வருசத்தைச் சீவிட்டியேடா" என்றார். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

நானா ஒன்றும் பேசாமல் சீவல் சாக்கைக் கொண்டுவந்து தரையில் கொட்டினார். இரவு இரண்டு மணிவரை இரண்டு பேரும் குந்தியிருந்து, வெள்ளைத் துண்டுகளுக்குள்ளே பென்சில் கீறல் உள்ளதைப் பொறுக்கினோம். பாதி எழுத்து துண்டில், பாதி புத்தகத்தில். பொருந்தி வந்தவற்றை மெல்லிய தாளில் ஒட்டி, அந்தந்தப் பக்கத்து ஓரத்தில் சேர்த்தோம். நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே மீண்டது. மற்றதை ஓர் உறையில் போட்டுப் பின்அட்டையின் உள்ளே ஒட்டினோம். மறுநாள் கிராணி வந்தார், பார்த்தார், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எந்த வரியில் ஃபெர்ரி கரை தட்டியது, எந்த இடத்தில் தம் நிறுத்தத்தை மறந்து அதே ஃபெர்ரியில் திரும்பிப் போனார் என்று ஒரு மணி நேரம் பேசினார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்தக் கதையை அவ்வளவு நெருக்கமாக நான் வேறு யார் சொல்லியும் கேட்டதில்லை.

அவர் போன பிறகு நானா ஓர் ஏட்டை எடுத்து மேசைமேல் போட்டார். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கிப் போகாத பேரேடு. தேதி, விவரம், பற்று, வரவு என்று கோடு போட்டது. "இனிமே புத்தகம் வாங்கும்போதே கேட்டு எழுதிக்க தம்பி. எந்தப் பக்கத்துல இருக்காங்கன்னு" என்றார். அவர் நினைத்தது வேலைக்காக. அடையாளத்துக்கு வைத்த ஃபெர்ரி டிக்கெட்டோ விபூதிப் பொட்டலமோ பிரிக்கும்போது விழுந்துவிட்டால், திருப்பி எந்த இடத்தில் வைப்பது? அதற்காக. விவரத்தில் புத்தகத்தின் பெயர், பற்றில் பக்க எண். வரவு காலியாகவே கிடந்தது. ஒரு மாதம் கழித்து, காத்திருந்த ஒரு அக்கா அதை வாசித்துக்கொண்டிருந்தார். "இவரு 'மோகமுள்'ல முன்னூறு தாண்டிட்டாரா? நான் அதே பக்கத்துல நிறுத்திட்டேன்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, வரவுப் பத்தியில் பென்சிலால் ஒரு வரி எழுதினார். அப்படித்தான் தொடங்கியது. இப்போது ஓடுவது மூன்றாவது ஏடு.

இதில் நான் செய்த அடுத்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏடு சூடுபிடித்ததும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. பசை காய்கிற நேரத்தில் நானும் படிப்பவன். ஒரு பெரியவர் ஒரு நாவலில் எண்பதாம் பக்கத்தில் இருந்தார். நான் முடித்திருந்தேன். ஆசையாகப் பேசப்போய் முடிவைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை. அன்றைக்கு நானா ஒரு விதி போட்டார்: எதிரில் உள்ளவர் பற்றுக்கு மேல் வரவு எழுதக் கூடாது. அவர் எண்பதில் இருந்தால், நீ முன்னூறில் இருந்தாலும் எண்பது வரைதான் பேச வேண்டும். கணக்குப் பிள்ளைகளோடு புழங்கியவர் அல்லவா.

விதியை அழகாகக் காப்பாற்றியவர்கள் இரண்டு பேர். ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். லெபோ பசாரில் காசு மாற்றும் கடையில் வேலை பார்த்த ஒரு தம்பி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாசித்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரம் இளவயதில் சுமத்ராவின் மெடானில் வேலை பார்த்து, 1946-ல் ஊர் திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலையில் இருந்தவர். நாவல் அச்சானது 1972-ல். யுத்தகாலத்து மெடானிலிருந்து தொங்கான் படகில் புயலைத் தாண்டிப் பினாங்குக்கு வரும் கதை. அவருடைய 'கடலுக்கு அப்பால்' நடப்பதும் எங்கள் ஊரில்தான். டீச்சர் வாசலில் குடையை மடக்கும்போதே கேட்பார்:

"என்ன தம்பி, கப்பல் ஏறியாச்சா?"

"இல்ல டீச்சர், இன்னும் மெடான்லதான் சுத்திக்கிட்டு இருக்கேன்."

"அப்ப நான் வாயத் திறக்கல. பினாங்கு வந்து சேர்ந்ததும் சொல்லுங்க."

மூன்று வாரம் இப்படி. ஒரு சனிக்கிழமை அந்தப் பையன் மூச்சிரைக்க வந்து, "வந்துட்டேன் டீச்சர், கரை ஏறிட்டேன்" என்றான். இரண்டு பேரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சூலியா தெருவில் இறங்கி நடந்தார்கள். செட்டியார் கிட்டங்கி எது, இப்போது தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் ஆனது எது என்று கட்டடம் கட்டடமாகப் பார்த்துவிட்டு, ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். 2008-ல் யுனெஸ்கோ இந்த நகரத்துக்குப் பாரம்பரியப் பட்டம் கொடுத்த பிறகு, வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக ஆள் அழைத்துவந்து காட்டுகிறார்கள். சந்தில் என்னையும் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அந்த இரண்டு பேர் பார்த்த சூலியா தெருவை யாரும் போட்டோ எடுக்க முடியாது.

எல்லாப் புத்தகமும் இப்படி ஓடாது. ஏட்டில் ஒரு பெயருக்கு நேராக 'சயாம் மரண ரயில்', பக்கம் 61 என்று இருந்தது. ஆர். சண்முகத்தின் நாவல், 1993-ல் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து ஆட்களைப் பிடித்துச் சயாம் காட்டில் தண்டவாளம் போடக் கொண்டுபோன கதை. அடுத்த மாதமும் அவர் வந்தார், கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுக்க. பக்கம் கேட்டேன். 61. அதற்கடுத்த மாதமும் 61. எனக்குப் புத்தி மட்டு. "என்னங்க ஐயா, போர் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். "எங்கப்பா போனாரு. வரல" என்றார். நான் பசைச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரிடம் கேட்கவில்லை. அவராகவே ஏட்டை இழுத்து ஒவ்வொரு தடவையும் 61 என்று எழுதிவிட்டுப் போவார். ஒன்பது மாதம் கழித்து 64 என்று எழுதியிருந்தார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏடு வைப்பவனுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

புத்தகத்தின் முதுகு பொய் சொல்லாது. பேச்சில் பெரிய பெரிய நூலாகச் சொல்பவரின் அலமாரியிலிருந்து வரும் கட்டு, முதல் இரண்டு ஃபாரம் மட்டும் தளர்ந்து, மற்றது அச்சகத்து விறைப்போடு இருக்கும். கடைசி ஃபாரம் வரைக்கும் நைந்து, ஓரத்தில் மஞ்சள் கறையோடு எங்கள் கடைக்கு அதிகம் வந்தவை ரமணிசந்திரன் நாவல்கள். ஆரம்பத்தில் எனக்கு இளக்காரம் இருந்தது, மறைப்பானேன். நானாவுக்கு இல்லை. "உடைஞ்சு வர்ற புத்தகம் யாருக்கோ ஒழைச்சிருக்கு. ஒழைச்சதுக்குக் கூலி நல்ல தையல்" என்று, பெரிய காவியத்துக்குப் போடும் அதே மெழுகு நூலைப் போடுவார். அந்த நாவல்களைக் கொண்டுவந்த பெண்களில் ஒருவர்தான் பின்னாளில் கோ. புண்ணியவானின் 'செலஞ்சார் அம்பாட்' நாவலைக் கொண்டுவந்து ஏட்டில் எழுதினார். அதற்காக முன்னே படித்தது தாழ்ச்சி என்று அர்த்தமில்லை. இப்போதும் இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறார்.

நானாவின் கையைப் பற்றிச் சொல்வதென்றால் 'பொன்னியின் செல்வன்' கட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது கப்பலில் வந்த இதழ்களிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்தது. சேர்த்தவரின் மகன் கொண்டுவந்தார். தாள் பழுத்து, மடித்தால் முறியும் நிலை. இப்படிப்பட்ட தாளில் வெள்ளைக் கோந்து தடவினால் தொலைந்தது. விறைத்து அந்த இடத்திலேயே ஒடியும். நீர்த்த மைதாப் பசை, மெல்லிய தாள், அவ்வளவுதான். நானா ஒரு இதழுக்கு ஒரு நாள் என்று வேலை பார்த்தார். எண்ணிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். ஒரு வாரத்து இதழ் இல்லை. அந்த இடத்தில் அதே அளவில் வெள்ளைத் தாள் நாலு வைத்துத் தைத்துவிட்டார். "என்னைக்காவது கெடைக்கும். எடம் இருக்கணும்ல" என்றார். ஏட்டிலும் அப்படியே எழுதினோம். ஆறு மாதம் கழித்து ஆயிர் ஈத்தாமிலிருந்து ஒருவர் தம் புத்தகத்தோடு வந்து, அந்த அத்தியாயங்களை எங்கள் மேசையில் உட்கார்ந்து அந்த வெள்ளைத் தாள்களில் கையால் எழுதிக்கொடுத்தார். இரண்டு சனிக்கிழமை. கட்டின் சொந்தக்காரரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

நானா 1994-ல் ஊருக்குத் திரும்பினார். தாள் மடிக்கும் எலும்புத் தகடு, ஊசிப் பெட்டி, ஏடு ஆகிய மூன்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். 2000 பிறந்ததும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், பழைய கடைகளுக்கு வாடகை எங்கேயோ ஏறியது. அப்போதுதான் இந்தப் பாதிக் கடைக்கு வந்தேன். பேரேட்டைக் கம்ப்யூட்டர் தின்றுவிட்டது. புத்தகம் மட்டும் வருகிறது. சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கப் போனவர்கள், மாடியில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறி, உடைந்த தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் நேராக இங்கே கொண்டுவருகிறார்கள். அந்தப் பையில் ஊறுகாய் வாசம் வரும். 2016-ல் பேராசிரியர் ரெ. கார்த்திகேசு காலமான மாதம் ஏட்டில் நான்கு பேர் அவருடைய நாவல்களை எழுதியிருந்தார்கள். அவர் இந்த ஊரிலேயே பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது, சேர்த்துவைத்த ஞாயிறு பதிப்புகளைக் கட்டுப் போட இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். கதை வகுப்பு நடத்தி எழுத்தாளர்களை வளர்த்த பத்திரிகை அது, கு. அழகிரிசாமி 1952 முதல் ஐந்து வருடம் வேலை பார்த்த இடம். பத்திரிகைத் தாளுக்கு நடுவே வெற்றுத்தாள் வைக்காமல் பிரஸ்ஸில் இறுக்கினால் ஒரு பக்கத்து மை அடுத்த பக்கத்தில் ஏறிவிடும். அதையும் நான் கெடுத்துத்தான் கற்றேன்.

நவம்பரில் இங்கே இலக்கிய விழா நடக்கிறது. 2011-லிருந்து. ஒரு தடவை போனேன். நல்ல கூட்டம், நல்ல பேச்சு. யாரும் பக்க எண் சொல்லவில்லை.

தொழில் கற்க வேண்டும் என்று இப்போது இளம்பிள்ளைகள் வருகிறார்கள். வந்தவுடன் தோல், தங்க எழுத்து என்று கேட்கிறார்கள். பசையில்தான் உட்கார வைக்கிறேன். ஆறு மாதம் இல்லை. காலம் மாறிவிட்டது, ஆறு ஞாயிறு. மிஷின் பக்கம் போகுமுன் புத்தகத்தின் எல்லா ஓரத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இந்த விதிக்கு என் கடையில் விலக்கு கிடையாது.

வர நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழகுவதற்கென்று படித்து முடித்த புத்தகத்தைக் கொண்டுவர வேண்டாம். இப்போது வாசித்துக்கொண்டிருப்பதைக் கொண்டுவாருங்கள். அடையாளத்தை உள்ளேயே விட்டுவையுங்கள். பிரிப்பதற்கு முன்னால் பக்க எண்ணை ஏட்டில் எழுதிக்கொள்வோம்.